ஒரு மீட்டர், இரண்டு குடும்பம்: வாடகை வீட்டுக் கரண்ட் பில்லில் ஒளிந்திருக்கும் கணக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. வாடகை வீட்டில் இருப்பவர்களும், வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டிருப்பவர்களும் கடைசி வரை வாசித்தால் சந்தோஷப்படுவேன்.

சில மாதங்களுக்கு முன் தரம் 9 பிள்ளைகளுக்குக் கணித பாடத்தில் ஒரு வேலை கொடுத்தேன். "நாளைக்கு எல்லாரும் ஊட்டுல இருந்து ஒரு கரண்ட் பில் கொண்டு வாங்க, அத வச்சு கணக்கு செய்வோம்" என்றேன். அடுத்த நாள் பாதிப் பிள்ளைகளிடம் பில் இருந்தது. மற்றவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கொஞ்சம் சத்தமும் போட்டேன். அப்போது பின் வரிசையில் ஒரு பிள்ளை எழும்பிச் சொன்னாள்: "டீச்சர், எங்கட ஊட்டுக்கு பில் வாறதில்ல. கீழ் ஊட்டுக்காரர் சொல்ற காச உம்மா குடுப்பா." அவள் கையில் ஒரு துண்டுக் கடதாசி. அதில் "கரண்ட் 3000" என்று மட்டும் எழுதியிருந்தது. எத்தனை யூனிட், எந்த மாதம் என்று எதுவும் இல்லை.

அந்தப் பிள்ளைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. காரணம், எங்கள் வீட்டுக்கும் பில் வருவதில்லை.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். இது மூன்றாவது வீடு. கட்டுகஸ்தோட்டைப் பக்கம், ஒரு வீட்டின் மேல் மாடி. கீழே வீட்டுக்காரர் குடும்பம். நல்ல மனிதர்கள். நோன்பு காலத்தில் கஞ்சி வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாமி மேலே ஏறி வந்து பார்ப்பார். ஆனால் மீட்டர் ஒன்றுதான். பில்லைப் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுப்போம். அந்தப் பாதிதான் எங்களுக்கிடையில் மெல்ல மெல்லக் கசப்பைக் கொண்டுவந்தது. "மேல சுடுதண்ணி ஹீட்டர் ஓடிட்டே இரிக்கி" என்று அவர்கள் நினைத்தார்கள். "கீழ் ஊட்டுல பிரிட்ஜும் இரிக்கி, பிரீசரும் இரிக்கி, நாங்க ஏன் பாதி குடுக்கணும்" என்று நாங்கள் நினைத்தோம். யாரும் வாய் திறந்து பேசவில்லை. மாடிப்படியில் கண்டால் சொல்லும் ஸலாம் மட்டும் சுருங்கிப் போனது.

பிள்ளைகளோடு அந்தப் பில்களை வைத்துக் கணக்குப் பார்த்தபோதுதான் எனக்கே விஷயம் விளங்கியது. நாங்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்த காசில் ஒரு பெரிய பங்கு, அவர்களும் பாவிக்காத, நாங்களும் பாவிக்காத காசு. அது ஒற்றை மீட்டருக்குப் போகும் காசு.

எப்படி என்று சொல்கிறேன்.

நம் நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. படி படியாக ஏறும் விலை. 2025 ஜூன் மாதம் வந்த திருத்தத்தின்படி, மாதத்துக்கு 60 யூனிட்டுக்குள் பாவிக்கும் வீட்டுக்கு முதல் 30 யூனிட் 4.50 ரூபா, அடுத்த 30 யூனிட் 8 ரூபா, 30 யூனிட்டைத் தாண்டினால் நிலையான கட்டணம் 210 ரூபா என்று இருந்தது. 60ஐத் தாண்டினால் இந்தச் சலுகை விலை முழுதாகப் போய்விடும். முதல் 60 யூனிட்டுக்கும் 12.75 ரூபா. 61 முதல் 90 வரை 18.50. 91 முதல் 120 வரை 24. 121 முதல் 180 வரை 41. அதற்கு மேல் 61 ரூபா. நிலையான கட்டணமும் படிக்குப் படி 400, 1,000, 1,500, 2,100 என்று ஏறியது.

இனி அந்த 2025 ஜூன் விலைப்படி 30 நாள் மாதம் ஒன்றுக்கு, வரி சேர்க்காமல், கணக்கைப் பாருங்கள்.

60 யூனிட்: 585 ரூபா.
61 யூனிட்: 1,183 ரூபா 50 சதம்.
90 யூனிட்: 1,720 ரூபா.
120 யூனிட்: 3,040 ரூபா.
180 யூனிட்: 6,000 ரூபா.

60க்கும் 61க்கும் இடையில் ஒரே ஒரு யூனிட். வித்தியாசம் ஏறத்தாழ 600 ரூபா. இதைக் கரும்பலகையில் எழுதியபோது பிள்ளைகள் "டீச்சர், பிழை" என்றார்கள். பிழை இல்லை, படி அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. குறைவாகப் பாவிக்கும் ஏழை வீட்டுக்குச் சலுகை, அதிகம் பாவிக்கும் வீட்டுக்குச் சுமை. நோக்கம் நியாயமானது. ஆனால் இந்தப் படி மீட்டரைத்தான் எண்ணுகிறது. மீட்டருக்குப் பின்னால் எத்தனை அடுப்பு எரிகிறது என்று அதற்குத் தெரியாது.

மூன்று சின்னக் குடும்பங்கள், ஆளுக்கு 60 யூனிட் என்று வைப்போம். தனித்தனி மீட்டர் இருந்தால் மூன்று பேருக்கும் சேர்த்து 1,755 ரூபா. ஒரே மீட்டரில் இருந்தால் 180 யூனிட், 6,000 ரூபா. அதே பல்ப், அதே பேன், அதே சோறு. 4,245 ரூபா கூட. சலுகை விலை யாருக்காக வைக்கப்பட்டதோ அந்தக் குடும்பத்துக்கே அது கிடைப்பதில்லை. நகரத்திலும், மஹய்யாவ, மாவில்மடை, கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கங்களிலும் ஒரே வீட்டைத் தட்டுத் தட்டாகப் பிரித்து வாடகைக்கு விடுவது எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த கேள்வி இன்னும் சிக்கலானது. வீட்டுக்காரர் 120 யூனிட், வாடகைக் குடும்பம் 60 யூனிட். மொத்தம் 180, பில் 6,000 ரூபா. வாடகைக்காரர் எவ்வளவு கொடுக்க வேண்டும்? நான் கேள்விப்பட்ட பதில்கள் நான்கு.

1. தனி மீட்டர் இருந்தால் எவ்வளவோ அவ்வளவு: 585 ரூபா.
2. யூனிட் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு: 2,000 ரூபா.
3. "நீங்க வந்ததாலதான் மேல்படிக்கு ஏறிச்சு", ஆகவே யூனிட்டுக்கு 41 ரூபாப்படி: 2,460 ரூபா.
4. பாதிக்குப் பாதி: 3,000 ரூபா.

அதே 60 யூனிட்டுக்கு நான்கு விலை. ஒவ்வொருவரும் தன் கணக்குத்தான் சரி என்று சத்தியம் செய்யத் தயாராக இருப்பார். இருவரும் தனித்தனி மீட்டரில் இருந்திருந்தால் மொத்தம் 3,625 ரூபாதான். மிச்சம் 2,375 ரூபா யாருடைய பாவனையும் இல்லை. அதை யார் சுமப்பது?

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பாதிக்குப் பாதி என்பது, யார் எவ்வளவு பாவிக்கிறார் என்று தெரியாதவரை சமாதானத்துக்காகச் செய்யும் ஏற்பாடு. அளக்க வழி இருக்கும்போது அளக்காமல் பாதி கேட்பது நியாயம் ஆகாது. 41 ரூபாப்படி கேட்பது அதைவிடப் பிழை. மேல்படி யூனிட் எல்லாம் வாடகைக்காரருடையது, கீழ்ப்படி யூனிட் எல்லாம் என்னுடையது என்று யார் பிரித்தது? குறைந்தபட்சம் யூனிட் கணக்கில் பிரிக்க வேண்டும். முடிந்தால் தனி மீட்டர் போட வேண்டும். ஒரு மீட்டரில் இரண்டு குடும்பத்தைக் குடியமர்த்தி வாடகை வாங்குவது வீட்டுக்காரரின் முடிவு. அந்த முடிவின் செலவு முழுவதையும் மேலே இருப்பவர் தலையில் வைக்க முடியாது.

நாம் அளவை நிறுவையைப் பற்றிச் சின்ன வயதிலேயே ஓதிய சமூகம். அளவையில் குறை செய்வோரின் பெயரிலேயே குர்ஆனில் ஒரு சூரா இருக்கிறது. கடையில் 50 கிராம் குறைந்தால் தராசைக் காட்டச் சொல்லிக் கேட்கிறோம். மீட்டரும் ஓர் அளவைதான். அதைக் காட்டாமல் "கரண்ட் 3000" என்று துண்டு எழுதிக் கொடுப்பதை மட்டும் எப்படிச் சாதாரணமாக எடுத்துக்கொண்டோம்?

வீட்டுக்காரர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் எல்லாரும் அநியாயக்காரர்கள் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இந்தப் படிக் கணக்கு தெரியாது. தங்களுக்கும் நட்டம் என்பதும் தெரியாது. தனி மீட்டர் என்றால் வயரிங்கைப் பிரிக்க வேண்டும், அதைப் பரிசோதித்து அறிக்கை எடுக்க வேண்டும், மின்சார விநியோக நிறுவனத்துக்கு விண்ணப்பித்துக் காசு கட்ட வேண்டும். பென்ஷனில் வாழும் ஒருவருக்கு அது சின்னச் செலவல்ல. பில்லைக் கட்டாமல் சாமானைக் கட்டிக்கொண்டு போன வாடகைக்காரர்களும் இருக்கிறார்கள். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் நிலுவையும் அவர் தலையில்தான் விழும். ஆகவே அவர்கள் பயப்படுவதிலும் காரணம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நானும் கணவரும் கீழே போனோம். "பில் கூட" என்று ஆரம்பித்திருந்தால் பேச்சு அங்கேயே முறிந்திருக்கும். பிள்ளைகளுக்குச் செய்து காட்டிய கணக்குக் கொப்பியைத்தான் கொண்டுபோனேன். "மாமா, இத ஒருக்கா பாருங்க, ரெண்டு பேருக்கும் நட்டம்" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டு வரி வரியாகப் பார்த்தார். கடைசியில் "இவ்வளவு நாளும் நாங்க உங்களோட கோவிச்சிட்டு இருந்தது இதுக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தையோடு பாதிப் பிரச்சினை முடிந்தது.

இருவரும் செலவைப் பிரித்து, எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு மேல் மாடிக்கு ஒரு சப் மீட்டர் போட்டோம். இது மின்சார விநியோக நிறுவனத்தின் மீட்டர் இல்லை. உள்ளே யார் எவ்வளவு பாவித்தார் என்று நமக்குக் காட்டுவதற்கு மட்டும். மீட்டர் பார்ப்பவர் வரும் அதே நாளில் சப் மீட்டரையும் பார்த்து, இரண்டையும் போட்டோ எடுத்து, பில்லோடு வட்ஸ்அப்பில் போட்டுக்கொள்வோம்.

முதல் மாதம் மொத்தம் 194 யூனிட், 7,454 ரூபா. கீழே 118, மேலே 76. பாதி என்றால் எங்களுக்கு 3,727 ரூபா. யூனிட் கணக்கில் 2,920 ரூபா. ஆனால் அந்த 76ஐப் பார்த்து எனக்கு வெட்கமாகவும் இருந்தது. நாங்கள் "ஒண்டும் பாவிக்கிறதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்.

வாடகை வீட்டில் நாம் கூரையில் சோலார் போட முடியாது, வயரிங்கை மாற்ற முடியாது, சுவரை உடைக்க முடியாது. நம் கையில் இருப்பது பாவனை மட்டும். அதில் எங்கே கை வைப்பது என்பதில்தான் நாம் ஏமாறுகிறோம்.

என் வீட்டில் பல்புக்காகத்தான் சத்தம் போடுவேன். 9 வாட் எல்ஈடி பல்ப் ஒன்று தினமும் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு ஒன்றரை யூனிட்டும் வராது. குளியலறை ஹீட்டர் 3,500 வாட். அது ஒரு நிமிடம் ஓடுவதும், அந்தப் பல்ப் ஆறரை மணித்தியாலம் எரிவதும் சமம். மூன்று பேர், ஆளுக்கு ஆறு நிமிடம், தினமும் குளித்தால் மாதத்துக்கு 31 யூனிட் அதற்கே போகும். கண்டிக் காலைக் குளிரில் பச்சைத்தண்ணியில் குளிக்கச் சொல்லி நான் யாருக்கும் புத்தி சொல்ல வரவில்லை. பிள்ளைகள் பாடசாலை விட்டு வந்து பகல் வெயிலில் குளிக்கலாம். அப்போது ஹீட்டர் தேவைப்படாது. காலையில் தேவை என்றால் ஒரு வாளியில் பாதிக்குச் சுடுதண்ணி பிடித்து, பச்சைத்தண்ணி கலந்து குளிக்கலாம். தலைக்கு மேலே ஓடவிட்டுச் சவர்க்காரம் போடும்போதுதான் காசு வழிந்து ஓடுகிறது. நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஹீட்டர் 10 யூனிட்டளவுக்கு இறங்கியது.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். யூனிபோமையும் என் அபாயாவையும் தினமும் காலையில் அயன் பண்ணுவதை விட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையில் முடிக்கிறோம். ஒவ்வொரு நாளும் அயனைப் புதிதாகச் சூடாக்கும் கரண்ட் மிச்சம். கேத்தலில் தேவையான அளவு தண்ணி மட்டும், மிஞ்சினால் பிளாஸ்க்கில். ரைஸ் குக்கரில் சோறு வெந்ததும் பிளக்கைக் கழற்றுவது. பிரிட்ஜ் கதவு ரப்பரில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பது. இலகுவாக வந்தால் குளிர் வெளியே போகிறது என்று அர்த்தம். 2022இல் கேஸ் வரிசையில் நின்ற நாட்களில் பல வீடுகளில் எலெக்ட்ரிக் அடுப்பு வாங்கினோம். கேஸ் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. உங்கள் வீட்டில் அது இன்னும் குசினி மேசையில் இருந்தால் முதலில் அதன் கணக்கைப் பாருங்கள்.

தண்ணி மோட்டரையும் மறக்க வேண்டாம். டேங்க் நிரம்பி வழிவது யாருடைய தண்ணி, யாருடைய கரண்ட் என்பதும் பொதுச் சண்டைதான். மோட்டர், மாடிப்படி லைட், கேட் லைட் எந்தப் பக்கத்து மீட்டரில் ஓடுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

மூன்று மாதத்தில் எங்கள் பாவனை 52 யூனிட்டுக்கு இறங்கியது. கீழ் வீட்டிலும் கொஞ்சம் குறைத்து 112. மொத்தம் 164 யூனிட், 5,344 ரூபா. எங்கள் பங்கு சுமார் 1,700 ரூபா. முன்பு 3,727. கீழ் வீட்டுக்கு 3,650 ரூபா. பாதி பாதியாகக் கொடுத்த காலத்தைவிட அவர்களுக்கும் குறைவு. அந்த விலைப்படி மேல்படியில் குறைத்த ஒவ்வொரு யூனிட்டும் 61 ரூபா அல்லது 41 ரூபா. 180க்குக் கீழே வந்ததும் நிலையான கட்டணத்திலும் 600 ரூபா குறைந்தது. அதனால்தான் இருவருக்கும் இலாபம்.

அந்த 52 யூனிட்டுக்குத் தனி மீட்டர் இருந்திருந்தால் நாங்கள் கட்டுவது 521 ரூபா. இதையும் மாமாவிடம் சொன்னேன். பழைய வீடு, மேல் கீழ் வயரிங் ஒன்றோடு ஒன்று கலந்து கிடக்கிறது. பிரித்து, பெயின்ட் அடிக்கும்போது சேர்த்துச் செய்வோம் என்று சொல்லியிருக்கிறார். இன்ஷா அல்லாஹ். நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

இப்போது நான் கேட்பது மூன்று விஷயம்.

வாடகைக்குப் போகிறவர்களுக்கு: அட்வான்ஸ் கொடுக்க முதல் வாடகையையும் தண்ணியையும் கேட்பதுபோல் மீட்டரையும் கேளுங்கள். தனி மீட்டரா, சப் மீட்டரா, பில்லை எப்படிப் பிரிப்பது? பில்லைப் பார்க்க முடியுமா? இதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். மாதம் 1,000 ரூபா வாடகை குறைந்த வீடு, ஒற்றை மீட்டரால் உங்களுக்கு 2,000 ரூபா கூடிய வீடாக இருக்கலாம். வீட்டை விட்டுப் போகும்போது கடைசிப் பில்லையும் கட்டிவிட்டுப் போங்கள். அதுவும் அமானிதம்தான்.

வீட்டுக்காரர்களுக்கு: முடிந்தால் தனி மீட்டருக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் வாடகைக்காரரால் அதைச் செய்ய முடியாது. செலவை இரண்டு மூன்று தட்டில் பிரித்துக்கொள்ள வாடகைக்காரரிடமே பேசலாம். அது முடியாவிட்டால் ஒரு சப் மீட்டர். அதுவும் முடியாவிட்டால் ஒவ்வொரு மாதமும் பில்லையாவது காட்டுங்கள். மின்சாரத்தில் இலாபம் எடுக்க வேண்டாம், வாடகை இருக்கிறது. கூரையில் சோலார் போட்டுத் தன் பில்லைக் குறைத்துக்கொண்டு, மேலே இருப்பவரிடம் மேல்படி விலை வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மூன்றாவது, நம் எல்லாருக்கும்: 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரி 75 சதவீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதம். பிறகு குறைந்தது, 2025 ஜனவரியில் 20 சதவீதம் இறங்கியது, ஜூனில் 15 சதவீதம் ஏறியது. இனியும் ஏறும் இறங்கும். விலை மாறினாலும் படி இருக்கும்வரை ஒற்றை மீட்டர்ப் பிரச்சினை இருக்கும். கட்டணத் திருத்தத்துக்கு முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கிறது. அங்கே தொழிற்சாலைக்காரர்கள் பேசுகிறார்கள், ஹோட்டல்காரர்கள் பேசுகிறார்கள். ஒரு மீட்டரின் பின்னால் வாழும் இரண்டாவது, மூன்றாவது குடும்பத்துக்காகப் பேசவும் ஆள் வேண்டும். ஒரு முகவரியில் தனியாகச் சமைத்துத் தனியாக வாழும் குடும்பம் இருந்தால், தனி மீட்டர் எடுப்பதை இலகுவாக்குங்கள், மலிவாக்குங்கள் என்று நாம் எழுதிக் கேட்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினால் அதற்கு இன்னும் கனம் இருக்கும்.

அந்தப் பிள்ளை போன வாரம் வகுப்பில் ஒரு பில்லைக் கொண்டுவந்து காட்டினாள். வகுப்பில் செய்த கணக்கை உம்மா கீழ் வீட்டில் காட்டிக் கேட்டிருக்கிறார். அவர்கள் மறுக்காமல் பில்லைக் கொடுத்திருக்கிறார்கள். யாரும் இதுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான். மொத்தம் 171 யூனிட். "டீச்சர், இதுல எங்கட பங்கு எவ்வளவு?" என்று கேட்டாள். "அதுக்கு ஒரு சப் மீட்டர் வேணும் மகள்" என்றேன். கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

உங்கள் வீட்டு மீட்டர் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கே போய் அதிலுள்ள இலக்கத்தைக் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் இதே நாளில் இன்னொரு முறை குறியுங்கள். கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.